என் மகன் கானுக்குள் இறங்கி நின்றது சம்பந்தமாக

மு. பழனியாண்டி,
ஓய்வுபெற்ற கங்காணி,
மேல் டிவிஷன் லயம்,
நோட்டன் பிரிட்ஜ்.

கட்டளை அதிகாரி மேஜர் ஐயா சமூகத்துக்கு,

நோட்டன் பிரிட்ஜிலிருந்து பழனியாண்டி பணிந்து எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் நோனா அவர்களும் பிள்ளைகளும், முகாமில் உள்ள சகல அதிகாரிமாரும் சிப்பாய்மாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் டிவிஷன் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் என் சம்சாரம் மீனம்மாவும் சுகம். சுகம் என்று எழுதுவது மரியாதைக்காக. மகனுடைய மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்த நாளிலிருந்து மீனம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் சாப்பிடுகிறேன், ஆனால் ருசி தெரிவதில்லை.

ஐயா தமிழ் வாசிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் சிங்களம் பேசுவேன், எழுத வராது. உங்கள் முகாமில் பரமலிங்கம் சேர் என்று யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பதாக மகன் சொன்னான். அவர் உங்களுக்கு வாசித்துச் சொல்வார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பரமலிங்கம் சேர், வணக்கம். எங்கள் மலைநாட்டுப் பேச்சு உங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். தனியாக இருந்து ஒரு தடவை சிரித்துவிட்டு, பிறகு ஐயாவிடம் கொண்டுபோங்கள். ஐயா முன்னால் சிரித்தால் நான் பகிடி எழுதியிருக்கிறேன் என்று நினைத்துவிடுவார். இது பகிடிக் கடிதம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் முகாமில் சிப்பாயாக இருக்கும் ப. லோஜன் என்னுடைய மகன். அவனுடைய வருடாந்த செயலாற்றுகை மதிப்பீட்டில் தாங்கள் எழுதியது பிழை என்றும், அதை மாற்றி எழுதித் தர வேண்டும் என்றும் இதன் மூலம் மேன்முறையீடு செய்கிறேன். தகப்பன் மேன்முறையீடு செய்ய இராணுவச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. மகன் செய்ய மாட்டேன் என்கிறான். அவன் வாய் திறக்காத பிள்ளை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவன் அழாத பிள்ளை, அதனால் இவனுக்காக நான் அழுகிறேன்.

அந்த அறிக்கையை அவன் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தான். "பாத்துட்டு பேசாம இருங்கப்பா" என்று கீழே ஒரு வரி. பேசாமல் இருக்க முடியுமா? அறிக்கை சிங்களத்தில் இருந்தது, எனக்கு வாசிக்கவும் வராது. போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் தோட்டத்து மிட்வைஃப் பிரியந்தி நோனாவிடம் ஓடினேன். தங்கமான பெண். சிங்களவர் என்றாலும் எங்கள் டிவிஷன் பிள்ளைகள் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள்தான். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். வாசித்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவ்வளவு மோசமில்ல மாமே" என்றார். "அப்ப எவ்வளவு மோசம் நோனா?" என்று கேட்டேன். "டீ குடிக்கிறீங்களா?" என்றார். பிரசவத்தில் ஏதும் சிக்கல் என்றால் அவர் வெளியே வந்து வீட்டுக்காரர்களிடம் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

அறிக்கையில் இருந்ததாக அவர் சொன்னது இது: சிப்பாய் லோஜன் ஒழுக்கமானவர், ஆனால் இராணுவ நிமிர்வு இல்லை. மேலதிகாரி வரும்போது காவல் இடத்தை விட்டு விலகுகிறார், ஆயுதத்தைக் கீழே வைக்கிறார், தொப்பியைக் கழற்றுகிறார். கட்டளை இடும் குரல் இல்லை. லான்ஸ் கோப்ரல் பதவி உயர்வுக்குத் தற்போது தகுதி இல்லை. மறுபயிற்சிக்குப் பரிந்துரைக்கப்படுகிறார். அடுத்த மதிப்பீடும் இப்படியே இருந்தால் சேவையில் தொடர்வது பற்றி யோசிக்க வேண்டும்.

ஐயா, வாசல் விஷயத்தை முதலில் பேசுவோம். அன்றைக்கு நடந்ததை நான் மகனிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் முகாம் வாசலில் காவல் நிற்கிறான். உங்கள் ஜீப் வருகிறது. அவன் என்ன செய்தான்? துப்பாக்கியை மெதுவாக, அடிபடாமல், புல்லில் வைத்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ரோட்டோரத்தில் தண்ணி ஓடுகிற கானுக்குள் இறங்கி, தலையைக் குனிந்து நின்றான். தடைக்கம்பைத் தூக்க ஆள் இல்லை. உங்கள் சாரதி ஹோர்ன் அடித்தார். இவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். மறுபடியும் அடித்தார். இவன் கானுக்குள் இன்னும் இரண்டு அடி தள்ளிப் போனான். கடைசியில் தாங்களே இறங்கி வந்து கம்பைத் தூக்கினீர்கள் என்று கேள்விப்பட்டேன். தங்கள் கை வலித்திருந்தால் அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஏனென்றால் அவன் செய்தது பிழையே இல்லை, மரியாதை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜர் துரை வரும்போது ரோட்டில் நிற்கக் கூடாது. கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். தலையில் துண்டு இருந்தால் எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். மழையாக இருந்தாலும் குடையை மடக்க வேண்டும். கையில் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி இருந்தால் கீழே வைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். பெரிய மனிதர் முன்னால் கையில் கத்தியோடு நிற்கிறவனுடைய நோக்கம் என்ன? தாங்களே யோசியுங்கள். கத்திக்கே இப்படி என்றால் துப்பாக்கிக்கு எப்படி? தங்கள் மேல் உள்ள பயபக்தியால் அவன் கீழே வைத்தான். ஒரு கையில் துப்பாக்கியும் தலையில் தொப்பியுமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒருவன் உங்கள் ஜீப்புக்கு எதிரே நின்றால் அது நல்லாவா இருக்கும்? எங்கள் ஊரில் அதற்குப் பேர் சண்டித்தனம்.

இதையெல்லாம் அவன் தானாகக் கற்றுக்கொள்ளவில்லை. நான் கற்றுக்கொடுத்தேன். அவனை ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில் துரையின் ஜீப் சத்தம் கேட்டதும் கையைப் பிடித்து இழுத்துக் கானுக்குள் இறக்குவேன். முதலில் அழுவான், சப்பாத்து நனைகிறது என்பான். "சப்பாத்து காஞ்சிரும், பேரு கெட்டா காயுமாடா?" என்பேன். பிறகு பழகிவிட்டான். எனக்கு முன்னால் அவனே சத்தத்தைக் கேட்டு இறங்கி நிற்பான். டிவிஷனில் எல்லாரும் மெச்சினார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். நான் ஐந்திலேயே அழகாக வளைத்துவிட்டேன். இப்போது இருபத்து மூன்று வயதில் தாங்கள் வந்து நிமிர்த்து என்றால் நான் எங்கே போவேன்? பணிவும் வேண்டும், நிமிர்வும் வேண்டும் என்றால், கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று ஆகிவிடாதா? பரமலிங்கம் சேர், இந்தப் பழமொழியை மொழிபெயர்க்க வேண்டாம். ஐயாவுக்கு மீசை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கானுக்குள் இறங்குவதில்லை என்பதும் உண்மை. இப்போதைய துரை டபுள் கெப் வண்டியில் போகிறார், பையன்கள் ரோட்டில் நின்றபடியே போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் மட்டும் இன்னும் இறங்குகிறேன். முழங்கால் வலி, இறங்கினால் ஏறுவதற்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. போன மாசம் இறங்கி நின்றேன், கெப் போய்விட்டது, ஏற முடியவில்லை. மீனம்மாதான் வந்து தூக்கிவிட்டாள். "யாரு எறங்கச் சொன்னா? அந்தத் தொரைக்கு ஒங்களப் பாத்து முப்பது வயசு கொறைவு" என்று ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரித் திட்டினாள். பொம்பளைகளுக்கு உத்தியோக மரியாதை புரியாது.

நான் எத்தனையோ துரைமாருக்குக் கீழே வேலை பார்த்தவன். ஒரு துரையும் என்னைக் குறை சொன்னதில்லை. ஒரு கடிதம், ஒரு எச்சரிக்கை, ஒன்றும் இல்லை. இதை மீனம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "கொறை சொல்லணும்னா மொதல்ல பாக்கணும்ல? நீங்கதான் கானுக்குள்ள நின்னீங்களே, ஒங்க மண்ட கூட அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். பரமலிங்கம் சேர், இதையும் விட்டுவிட்டு வாசிக்கலாம். வீட்டுப் பேச்சு.

அடுத்தது பூட்ஸ் விஷயம். இது அறிக்கையில் இல்லை, ஆனால் தங்கள் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தாங்கள் அவனை ஒபீசுக்குக் கூப்பிட்டீர்களாம். அவன் வாசலில் உட்கார்ந்து இரண்டு பூட்சையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறை மேஸ்ஸோடு உள்ளே வந்தானாம். உங்கள் பூட்சுக்கு எத்தனை கண், எவ்வளவு நீளக் கயிறு என்று தங்களுக்கே தெரியும். கழற்றி முடிப்பதற்குள் தாங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டீர்கள். அவன் வெறும் கதிரைக்கு முன்னால் மேஸ்ஸோடு நின்றுகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அபாயச் சங்கு ஒத்திகை. முகாமே மைதானத்துக்கு ஓடுகிறது, இவன் வாசலில் உட்கார்ந்து கயிறு கட்டுகிறான். எல்லாரும் வரிசையாக நின்று எண்ணி முடித்து, ஒரு ஆள் குறைகிறது என்று தேடி வந்தபோது இடது காலை முடித்திருந்தானாம். ஐயா, செருப்போடு துரை ஒபீசுக்குள் போகிற வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. உள்ளே போகிற வழக்கமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவோம். அவன் உள்ளே வந்ததே எனக்கு ஆச்சரியம். அதைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மூன்றாவது, கட்டளைக் குரல். அவனை முன்னால் நிறுத்தி, வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கட்டளை கொடு என்றீர்களாம். வரிசையில் அவனைவிட மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். வயதில் மூத்தவர்களை எப்படி அதட்டுவது? பக்கத்தில் போய்த் தணிந்த குரலில், கொஞ்சம் இடது பக்கம் திரும்பினால் நல்லது அண்ணே என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டான். அவர்களும் திரும்பினார்கள். காரியம் நடந்ததா இல்லையா? திரும்பியதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்களாம். சிரித்த முகத்தோடு வேலை செய்வது எந்தச் சட்டத்தில் குற்றம்? நானும் கங்காணியாக இருந்தவன்தான். அதட்டினால் கொழுந்து வராது, கேட்டால் வரும். என் கொழுந்துக்காரிகளில் வயதில் மூத்தவர்களை அக்கா, அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எல்லாருக்கும் கத்துகிற கங்காணிகள் இருந்தார்கள், அவர்கள் பின்னால் பெண்கள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அதை இங்கே எழுத முடியாது.

ஐயா, நான் இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் வெறும் வீம்பு இல்லை. எங்கள் டிவிஷனில் ஆமிக்குப் போன முதல் ஆள் லோஜன். போகும்போது நானே தடுத்தேன். தமிழ்ப் பிள்ளைக்கு ஆமியில் என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். அடுத்த வீட்டுக் காளியாயி, நல்லது கெட்டது எதற்கும் முதல் வாய் திறப்பவள், "மொத ஆளாப் போறான், மொத ஆளாத் திரும்பியும் வருவான் பாரு" என்றாள். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம், "தம்பி எப்ப வருது?" என்று கேட்கிறாள். லீவில் எப்போது வருவான் என்று கேட்கிறாளா, ஒரேயடியாக எப்போது வருவான் என்று கேட்கிறாளா, அவள் முகத்தைப் பார்த்தால் தெரியாது.

அடுத்த மதிப்பீடும் இப்படி என்றால் அவனை அனுப்பிவிடுவீர்கள். அனுப்பினால் அவன் எங்கே வருவான்? இங்கேதான் வருவான். வந்தால் என்ன செய்வான்? மருந்தடிக்கிற டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறுவான். இல்லையென்றால் கொழும்பில் ஏதோ கடையில் சாமான் தூக்குவான். அவன் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு முதல் முறை வந்தபோது மீனம்மா அவனைத் தொட்டுப் பார்க்கக் கூடப் பயந்து நின்றாள் ஐயா. பெற்றவள். பிறகு தொட்டாள், காலரைப் பிடித்துச் சரிசெய்தாள், விடவே இல்லை. அந்த உடுப்பை அவன் உடம்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்பதுதான் என்னுடைய கோரிக்கை. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளைத்துச் சொன்னது.

ஆகையால் நிமிர்வு இல்லை என்ற இடத்தில் பணிவு உண்டு என்றும், காவல் இடத்தை விட்டு விலகுகிறார் என்ற இடத்தில் மேலதிகாரிக்கு வழி விடுகிறார் என்றும், கட்டளைக் குரல் இல்லை என்ற இடத்தில் இனிய சுபாவம் என்றும் திருத்தித் தருமாறும், மறுபயிற்சி என்ற தண்டனையை ரத்துச் செய்யுமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வார்த்தைகள்தானே, மாற்றினால் என்ன வந்துவிடப் போகிறது?

தங்கள் குலம் தழைக்க வேண்டும். தங்கள் நோனா பட்டும் பொன்னுமாகச் சிரித்திருக்க வேண்டும். தங்கள் பிள்ளைகள் படிப்பில் முதலாவதாக வர வேண்டும். எங்கள் மாரியம்மனும் தாங்கள் கும்பிடுகிற புத்த பெருமானும் சேர்ந்து தங்கள் கையில் நல்ல பேனாவையும் நெஞ்சில் நல்ல வார்த்தையையும் தர வேண்டும். பரமலிங்கம் சேருக்கும் வாய் வலிக்காமல் இருக்கட்டும், நீளக் கடிதம்.

இப்படிக்கு,
கானோரத்திலிருந்து தலைதாழ்த்தி,
மு. பழனியாண்டி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். அதற்குள் சனிக்கிழமை லோஜன் லீவில் வந்துவிட்டான். பெயர், விவரம் எல்லாம் சரியா என்று பார்க்க உறையைப் பிரித்து அவனிடம் கொடுத்தேன். பாதி வரைக்கும் சிரித்துக்கொண்டே வாசித்தான். மீனம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்ன இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். முடித்ததும் மடித்து என் கையில் கொடுத்து, "இத அனுப்ப வேணாம்ப்பா" என்றான். ஏனடா என்று கேட்டேன். அப்போதுதான் எனக்குச் சொல்லாததைச் சொன்னான்.

வாசலில் நடந்ததற்குத் தாங்கள் அவனுக்குத் தண்டனை கொடுத்தீர்களாமே. தொப்பி தலையில், துப்பாக்கி கையில், முகாம் நடுரோட்டில் நாள் முழுக்க நிற்க வேண்டும், எவர் வந்தாலும் நகரக் கூடாது என்று. "தண்ணி பவுசர் வந்துச்சுப்பா. ஹோர்ன் அடிச்சான். நான் நகரல. சுத்திக்கிட்டுப் போயிட்டான். சாப்பாட்டு லொறி வந்துச்சு, அதுவும் சுத்தித்தான் போச்சு. பெறகு மேஜரோட ஜீப்பே வந்துச்சு. காலு கூசிருச்சுப்பா, எறங்கிருவேன்னு நெனச்சேன். எறங்கல. ஜீப்பு ஒதுங்கிப் போச்சு. எனக்காக ஜீப்பு ஒதுங்கிப் போச்சுப்பா" என்றான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றோடு தண்டனை முடிந்துவிட்டது. இவன் தங்களிடம் வந்து, இன்னும் ஒரு நாள் நிற்கட்டுமா என்று கேட்டானாம். அதற்குத்தான் தாங்கள் மறுபயிற்சி என்று எழுதினீர்களாம். அவன் கேட்டு வாங்கியதாம்.

ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவன் அனுப்ப வேண்டாம் என்றுதான் சொன்னான், ஆனால் மதிப்பீட்டை மாற்ற வேண்டாம் என்று தங்களுக்குச் சொல்லியாக வேண்டுமே, அதனால் அனுப்புகிறேன். தாங்கள் எழுதியது அப்படியே இருக்கட்டும். நான் கற்றுக்கொடுத்தது பிழை என்று மட்டும் என்னால் எழுத முடியாது, கை வரமாட்டேன் என்கிறது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவன் சொல்லி முடித்தபோது எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது ஐயா. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்பட்டவன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். விடியும்வரை படுத்துக்கொண்டே அதைத்தான் யோசித்தேன், லொறி சுத்திப் போனதை, ஜீப் ஒதுங்கிப் போனதை.

அந்த மறுபயிற்சிக்கு வயது எல்லை ஏதும் உண்டா என்று மட்டும் தெரியப்படுத்தவும். எனக்கு வருகிற தையோடு அறுபத்து மூன்று.